நடந்தபின் பார்க்கலாம்

மாடியிலிருந்து விழுந்தோ சாலை விபத்திலோ ஒரு குழந்தையின் தண்டுவடம் சிதைந்தால், அடிபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் நின்றுபோகின்றன. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. அன்றுமுதல் அந்த வீட்டுக்கு வருபவர்கள் கேட்பது ஒன்றே: பிள்ளை எப்போது எழுந்து நடக்கும்? நடை திரும்பினால் எல்லாம் திரும்பிவிடும், பள்ளியும் வீல்சேரும் அதுவரை பொறுக்கலாம் என்று பெற்றோரும் உற்றாரும் நம்புகிறார்கள். வீல்சேரில் உட்காரவைத்தால் பிள்ளை அதோடு முடங்கிவிடும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. பாசத்தில் பிறந்த இந்த நம்பிக்கைதான் குழந்தையின் உடலை மேலும் கெடுக்கிறது.

இது வேரூன்றக் காரணம் உண்டு. அடிபட்டதும் தண்டுவடம் அதிர்ச்சியில் செயலற்றுப் போகிறது. அந்த நிலை தெளியும்போது, நரம்புப் பாதை முழுதும் அறுபடாத குழந்தைக்கு முதல் சில மாதங்களில் ஓரளவு அசைவு தானாகவே திரும்பலாம். அந்த மாதங்களில் எண்ணெய் தடவியவருக்கும் மந்திரித்தவருக்கும் ஊசி போட்டவருக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. அடுத்த குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு அவர்களைத் தேடிப் போகிறது. முழுதும் சிதைந்த தண்டுவடத்தைச் சீராக்கும் நிரூபணமான மருத்துவம் இன்றுவரை இல்லை. குருத்தணுக்களைச் செலுத்தும் ஸ்டெம்செல் முறையையும், சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு அப்பால், முறையான ஆய்வாக அன்றிச் சிகிச்சையாக வழங்கக் கூடாது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன.

காத்திருக்கும் காலத்தில் உடல் சும்மா இருப்பதில்லை. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை அழுகுகிறது. வலி தெரியாததால் குழந்தை புரளக் கேட்பதில்லை. சிறுநீர் தேங்கிப் பின்னோக்கி ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. வளர்ச்சி முடியுமுன் அடிபட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. சரியாக அமைத்த இருக்கையும் இடைவிடாத கண்காணிப்பும் அவர்களுக்குத் தேவை. நல்லெண்ணத்தோடு கொடுக்கும் சுடு ஒத்தடம் உணர்வற்ற காலைப் பொசுக்கிவிடுகிறது. வலிந்து நீவினால், பயன்பாடின்றி மெலிந்த எலும்பு முறியவும் கூடும்.

நரம்பு மீள்வதும் மீளாததும் காயத்தைப் பொறுத்தது. வீல்சேர் அதைத் தடுப்பதில்லை. மாறாக, நிமிர்ந்து உட்காரும் குழந்தை நன்றாக மூச்சு விடுகிறது, கையை ஊன்றி உடலை உயர்த்தி அழுத்தத்தைத் தவிர்க்கக் கற்கிறது. இயன்முறை மருத்துவம் அதனோடு தொடரலாம்.

தண்டுவடக் காயம் என்றால் சாவு என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன் அதை மாற்றினார். அவரிடம் அதிசய மருந்து இருக்கவில்லை. நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டினார், சிறுநீர்ப்பையைக் காத்தார், வேலையும் விளையாட்டும் கொடுத்தார். சுத்தமான குழாயை நாளுக்குச் சில முறை செருகிச் சிறுநீரை வெளியேற்றினால் போதும் என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் காட்டினார். பள்ளி வயதுக் குழந்தைகளில் பலர் இதைத் தாமே செய்யப் பழகிவிடுகிறார்கள்.

1954இல் கார் விபத்தால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். கடற்படைத் தேர்வின் உடல்திறன் சோதனையில் 1975இல் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இருவருக்கும் நடை திரும்பவில்லை.

குழந்தைக்கோ இழக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைந்தது 40 சதவீதக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. வகுப்பறை மாடியில் என்றால் அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. வீட்டிலும் அம்மா ஒருத்தியே செவிலியாகிவிடக் கூடாது. குழாய் செருகவும் புண் இருக்கிறதா என்று தோலைப் பார்க்கவும் அப்பா, பாட்டி எல்லோரும் பழக வேண்டும். கவனிக்க ஆளில்லாமல் உறவினர் வீட்டில் விடப்பட்ட தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களைத் திரும்ப அழைத்துவர அப்போதுதான் வழி பிறக்கும். வீல்சேர் ஏறும் சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஆறு அங்குல வாசற்படிக்கு ஆறடி போதும். கொத்தனாரை அழைக்க, பிள்ளை நடக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.