கம்பிச் சுருக்கு வேண்டாம்

2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்த பின், புது இடத்தில் குடியேறிய குடும்பங்கள் பல. அங்கே போஞ்சி வைத்தால் குரங்கு, கிழங்கு வைத்தால் காட்டுப்பன்றி. கோபம் நியாயமே. ஆயினும் பன்றிக்கென்று கட்டும் கம்பிச் சுருக்கை நாம் ஏற்கமாட்டோம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அதில் சிக்கிச் சில நாளில் இறந்தது. நாளை அதில் மாட்டுவது நம் பிள்ளையின் காலாகவும் இருக்கலாம்.

சிறுத்தை லயத்தருகே வருவது பெரும்பாலும் நாயைத் தேடித்தான். நாயைக் கூட்டுவது குப்பை. எலியைக் கூட்டுவதும் அதுவே. எலிக்குப் பின்னால் பாம்பு. ஆகவே இரவில் நாயை உள்ளே அடைப்போம். அரிசி, மாவை மூடியுள்ள தகர டின்னில் வைப்போம். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கம்பி வலையால் மறைப்போம். விறகைச் சுவரோடு அடுக்க வேண்டாம். பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, குப்பையை அள்ளுவது யார்? பிரதேச சபைகள் தோட்டங்களிலும் வேலை செய்ய 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. வாரம் ஒரு தடவையாவது அள்ளும்படி சபைக்கு எழுதுவோம். பெண்களின் கையெழுத்து முதலில் இருக்கட்டும். குப்பையோடு தினமும் மல்லுக்கட்டுவது அவர்கள்தானே.