மீட்டால் மட்டும் போதுமா?

நட்பின் இயல்பை உரைக்க வந்த நாலடியார், யானையையும் நாயையும் அருகருகே நிறுத்திக் காட்டுகிறது. பல்லாண்டு பழகிய பாகனையும் யானை கொன்றுவிடக்கூடும். நாயோ, தன் உடலில் தைத்த வேல் அகலாத நிலையிலும் அதனை எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் என்பது அதன் கருத்து. நன்றியுணர்வுக்கு இதனினும் உயர்ந்த சான்று உண்டோ என்று மாணவர்க்கு விளக்கி மகிழ்கிறோம். ஆனால், வேல் தைத்த அந்த நாய் பின்னர் என்னவாயிற்று? அதன் புண்ணை ஆற்றியவர் யார்? எவர் வீட்டு வாயிலில் அது எஞ்சிய நாட்களைக் கழித்தது? இவ்வினாக்களை நாம் எழுப்புவதில்லை. துன்புறுத்தப்பட்ட நாயொன்றை மீட்டவர் முன் நிற்கும் வினாக்கள் இவையே.

2016ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னையைத் தலைகுனியச் செய்த நிகழ்ச்சி பலர்க்கும் நினைவிருக்கும். மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவர் நாயொன்றை மாடியிலிருந்து கீழே வீச, உடனிருந்தவர் அதனைப் படம்பிடித்தார். அக்காட்சி நாடெங்கும் பரவியது. இறந்திருக்கும் என்று எண்ணப்பட்ட அந்நாய், எலும்பு முறிவோடு உயிருடன் கண்டெடுக்கப்பட்டது. பத்ரா எனப் பெயர் பெற்று, மருத்துவமும் பெற்று, இறுதியில் ஓர் அன்பர் இல்லத்தில் இடமும் பெற்றது. கல்வி, இரக்கத்தைத் தானாகவே கொண்டுவந்து சேர்த்துவிடாது என்பதைக் கல்வி நிலையங்கள் இதனால் உணர வேண்டும். மற்றொன்றையும் உணர வேண்டும். பத்ராவின் துன்பத்தை நாடே கண்டது. அதனால் அதற்கு வீடு கிடைத்தது. எவர் கண்ணிலும் படாமல் அடிபடும் நாய்களுக்கு வீடு தேடித் தருவோர் யார்?

சட்டம் இருக்கிறதே எனலாம். ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் உருவான விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறியது. விலங்கை அடிப்பதை மட்டுமன்று, பசியாலும் தாகத்தாலும் வாடுமாறு கைவிடுவதையும் அது குற்றம் என்றது. எனினும், முதன்முறைக் குற்றத்திற்கு அது விதித்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரையே! 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, விலங்கைக் கொல்வோர்க்கும் முடமாக்குவோர்க்கும் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், சட்டம் குற்றவாளிக்குச் சிறையைக் காட்டும். குற்றத்திற்கு ஆளான உயிர்க்கு வீட்டைக் காட்டாது. அது மனிதர் செய்ய வேண்டிய பணி.

அடிபட்ட நாய் இனி வீட்டுக்கு உதவுமா என்பது பலர்க்கும் எழும் ஐயம். இதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கு விடை தருகிறது. 2007ஆம் ஆண்டு விர்சினியா மாநிலத்தில், மைக்கேல் விக் என்னும் புகழ்பெற்ற கால்பந்தாட்ட வீரருக்குச் சொந்தமான இடத்தில், நாய்ச்சண்டைக்காக வளர்க்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட நாய்கள் கைப்பற்றப்பட்டன. அவருக்கு 23 திங்கள் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்நாய்களைக் கொன்றுவிடுவதே நல்லது என்று விலங்கு நல அமைப்புகள் சிலவே கூறின. நீதிமன்றமோ அவ்வாறு கருதவில்லை. ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராயச் செய்தது. அவற்றின் நலன் காக்கச் சட்டப் பேராசிரியர் ஒருவரை நியமித்தது. பராமரிப்புக்காக ஒன்பது லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை விக்கிடமிருந்து பெற்றது. ஆராயப்பட்ட நாய்களுள் 47 காப்பகங்களின் பொறுப்பில் சேர்ந்தன. அவற்றுள் பல பின்னர்க் குழந்தைகள் வாழும் இல்லங்களில் அமைதியாக வாழ்ந்தன. சில நோயாளர்க்கு ஆறுதல் தரும் பணியிலும் ஈடுபட்டன. எல்லா நாயும் திருந்திவிடும் என்பதன்று இதன் பாடம். ஒவ்வொன்றையும் தனித்து நோக்கிய பின்னரே முடிவு செய்ய வேண்டும் என்பதே பாடம்.

ஆகவே, மீட்டவரின் கடமை மருத்துவரோடு முடிவதில்லை. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் முதற்படி. அடுத்து, அந்நாய் எதற்கு அஞ்சுகிறது என்று அறிதல் வேண்டும். ஓங்கிய கையா, செருப்பா, கயிறா, உரத்த குரலா? அறிந்ததை மறையாது, ஏற்க வருவோரிடம் உரைத்தல் வேண்டும். குறையை மறைத்துக் கொடுத்த நாய், சின்னாட்களில் மீண்டும் தெருவுக்கே வரும். ஏற்க வருவோர் வீட்டில் அனைவர்க்கும் இசைவு உண்டா, வாடகை வீடாயின் உரிமையாளர் ஒப்புவாரா, வெளியூர் சென்றால் சோறிடுவார் யார் என்றெல்லாம் வினவ வேண்டும். கொடுத்த பின்னும் சென்று பார்க்க வேண்டும். ஒத்துவராவிடின் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும். கேட்டவர் கையில் கொடுத்துவிட்டுக் கைகழுவுவது தத்துக் கொடுத்தல் ஆகாது. அது நாகரிகமான கைவிடலே. தெருநாயைத் தத்தெடுப்போர், அது மீண்டும் தெருவுக்கு வாராமல் காக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 22.8.2025இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டதும் இக்கருத்து நோக்கியே.

ஏற்றுக்கொள்வோர்க்கு வேண்டுவது பொறுமை. வந்த அன்றே தடவிக்கொடுக்க முனையாமல், ஒதுங்கியிருக்க ஒரு மூலையும், நேரம் தவறாத உணவும், தணிந்த குரலும் தந்தால், அச்சம் சிறிது சிறிதாக அகலும். அது உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தைகளை அணுகவிடலாகாது.

“நாங்கள் வீட்டிற்குள் நாய் வளர்ப்பதில்லையே” என்று நம் சமுதாயப் பெரியோர் கூறுவர். தூய்மை பற்றிய அந்நெறி மதிக்கத்தக்கது. அவர்கள் நன்கறிந்த நபிமொழி ஒன்றையே இங்கு நினைவுகூர்வோம். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாயைக் கண்ட ஒருவர், கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் முகந்து வந்து புகட்டினார். இறைவன் அவர் பிழைகளை மன்னித்தான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். அம்மனிதர் அந்நாயைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார் என்று அச்செய்தியில் இல்லை. தம்மால் இயன்றதை, அது தவித்த இடத்திலேயே செய்தார். வளர்க்க இயலாதவர்க்கும் கடமை உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? தடுப்பூசிச் செலவை ஏற்கலாம். தக்க இல்லம் தேடித் தரலாம். பயிருக்கும் ஆட்டுமந்தைக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் இசைவளித்திருத்தலின், தோட்டமும் பட்டியும் உடையோர் அங்கே இடமளிக்கலாம்.

மனிதர்க்கே வீடில்லாதபோது நாய்க்கு வீடா என்று கேட்போரும் உளர். 1824இல் இலண்டனில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர், அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்சு. மனிதனுக்காகப் போராடிய நெஞ்சில் விலங்குக்கும் இடமிருந்தது. ஒன்றுக்கு அளித்ததால் மற்றொன்றுக்குக் குறைந்துவிடும் பொருளன்று இரக்கம்.

மாணவச் செல்வங்களே! அடிபட்ட நாயைக் கண்டால் படம்பிடித்துப் பரப்புவதோடு நில்லாதீர்கள். மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள், நல்லதோர் இல்லம் கிடைக்கும் வரை அதனை விட்டு அகலாதீர்கள். தைத்த வேலைப் பறித்தெடுப்பது பாதிப் பணி. அந்நாய் அச்சமின்றி உறங்க ஒரு வாயிலைக் காட்டும்போதுதான் அப்பணி நிறைவுறுகிறது.