புரோட்டானுக்குள் என்னதான் இருக்கு? சூப்பர் கம்ப்யூட்டரே திணறுவது ஏன்?

1996-ல் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகம் வெளியிட்ட ஒரு முடிவு இயற்பியல் உலகை நிமிர்ந்து உட்கார வைத்தது. புரோட்டானையும் எதிர்-புரோட்டானையும் மோதவிட்டபோது, மிக அதிக ஆற்றலுடன் தெறித்த துகள் கொத்துகள் கணக்கில் வந்ததைவிட அதிகமாக இருந்தன. அப்படியென்றால் குவார்க்குக்குள்ளேயும் இன்னும் சிறிய ஏதோ ஒன்று இருக்கிறதா?

கடைசியில் அப்படி எதுவும் இல்லை. புரோட்டானுக்குள் குளுவான்கள் எவ்வளவு என்ற கணக்குதான் சரியில்லை. அதைத் திருத்தியதும் பரபரப்பு அடங்கிப்போச்சு.

மூன்றே குவார்க்தானா?

இரண்டு 'அப்', ஒரு 'டவுன்' என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் அந்த மூன்றின் நிறையையும் கூட்டினால் புரோட்டானின் நிறையில் சுமார் 1% தான் வரும். மீதியெல்லாம் உள்ளே நடக்கும் ஓயாத ஆட்டத்தின் ஆற்றல். குளுவான்கள் பாய்கின்றன, குவார்க்-எதிர்குவார்க் ஜோடிகள் தோன்றி மறைகின்றன. வேகமாக ஓடும் புரோட்டானின் உந்தத்தில் இவற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு? இந்தப் பட்டியலுக்குப் பெயர் 'பார்ட்டான் பரவல்'. ஜெனீவா அருகே இருக்கும் எல்ஹெச்சி மோதல்களின் கணக்கு எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பட்டியல் எப்படிக் கிடைக்கிறது?

இதுவரை பெரும்பாலும் சோதனைத் தரவுகளிலிருந்துதான். இங்கேதான் சிக்கல். எல்ஹெச்சி தரவை வைத்தே பட்டியலைச் சரிசெய்தால், அந்தத் தரவில் இருக்கும் புதிய துகளின் தடயமும் பட்டியலுக்குள்ளேயே கரைந்துபோகலாம். திருடனைக் கேட்டே சாமான் கணக்கு எழுதுவது மாதிரி!

சமன்பாட்டிலிருந்து நேரடியாகக் கணக்கிட்டால் அந்த ஆபத்து இல்லை. சமன்பாடு 1973-லிருந்தே கையில் இருக்கு. ஆனால் இந்த அளவில் விசை மிக வலுவானது என்பதால் பேனா-பேப்பர் வழி எடுபடாது. 1974-ல் கென்னத் வில்சன் ஒரு வழி சொன்னார்: இடத்தையும் காலத்தையும் வலைப்பின்னல் புள்ளிகளாக்கி, கம்ப்யூட்டரிடம் கொடுப்பது. அதற்கு காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்ற வேண்டும். மாற்றினால், ஒளிவேகத்தில் ஓடும் புரோட்டானின் பட்டியலை நேரடியாகப் பார்க்க முடியாது. பல ஆண்டுகளுக்குச் சில சராசரிகள் மட்டுமே கிடைத்தன.

2013-ல் என்ன மாறியது?

மேரிலாண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷியாங்தோங் ஜி வேறு கோணத்தில் யோசித்தார். ஒளிவேகம் வேண்டாம். வேகமாக ஓடும் புரோட்டானைக் கணக்கிடுவோம், மிச்ச வித்தியாசத்தைத் திருத்தங்களால் சரிசெய்வோம் என்றார்.

இப்போது வலைப்பின்னல் நெருக்கமாகிறது, குவார்க் நிறைகள் உண்மையான மதிப்பை எட்டுகின்றன, திருத்தங்களும் நுணுக்கமாகின்றன. ஆனால் புரோட்டானின் வேகத்தைக் கூட்டக்கூட, கணக்கில் இரைச்சல் மடங்கு மடங்காக ஏறி, வேண்டிய விடையையே மூழ்கடிக்கிறது. அதனால் உந்தத்தில் மிகச் சிறிய பங்கு கொண்ட குவார்க்குகள் இன்னும் பிடிபடவில்லை. சாதாரண அப், டவுன் பட்டியலில் சோதனைதான் இன்றும் துல்லியம். தரவு குறைவாக உள்ள இடங்களில், உதாரணமாக குவார்க் சுழற்சியின் சில அளவுகளில், கம்ப்யூட்டர் கணக்கு ஏற்கெனவே கைகொடுக்கிறது.

அந்தச் சிறிய பங்குப் பகுதியை நேரடியாகத் துழாவ, நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் எலக்ட்ரான்-அயனி மோதல் இயந்திரம் அமைக்கும் பணி நடக்கிறது. அது இயங்கத் தொடங்குவது 2030-களில்தான்.