பதினைந்து நாள் தண்ணீர்



காவிரி என்றதும் நம்மில் பலருக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும், தப்பில்லை. ஆனால் கேண்டீனில் உட்கார்ந்து "அவன் தண்ணி விடமாட்டேங்கிறான்" என்று மேசையைத் தட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு ஒரு டி.எம்.சி. என்றால் எவ்வளவு என்று தெரியும்? ஹைட்ராலிக்ஸில் அரியர் வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டாம், கணக்கு சுலபம். நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. தீர்ந்தது.

இதை வைத்துக்கொண்டு 2023-ஐப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிய வருடம். ஆகஸ்ட் கடைசியில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் போட்ட உத்தரவு: வினாடிக்கு 5,000 கன அடி, 15 நாளைக்கு. பெருக்கிப் பார்த்தால் சுமார் ஆறரை டி.எம்.சி. செப்டம்பரில் இதே அளவு மறுபடி. இதற்காக சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். செப்டம்பர் 26-ல் பெங்களூரில் பந்த், 29-ல் கர்நாடகம் முழுக்க பந்த். இந்தப் பக்கம் டெல்டாவில் குறுவை கருகியது.

அடுத்த வருடம் என்ன ஆயிற்று? 2024 ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்கத் தண்ணீர் இல்லை. குறுவை போச்சு. ஜூலை 28-ல் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை 120 அடி நிரம்பி வழிந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறியது. ஒரு லட்சம் கன அடி ஒரே நாள் ஓடினால் 8.64 டி.எம்.சி.! முந்தின வருடம் 15 நாளுக்குச் சண்டை போட்ட தண்ணீரைவிட அதிகம். பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனது. அப்போது எந்த ஊரிலும் பந்த் இல்லை.

ஆகவே நான் சொல்ல வருவது, சண்டை மொத்த அளவில் இல்லை. மாதத்தில் இருக்கிறது, அதைவிட, மழை பொய்க்கும் வருடத்தில் இருக்கிறது.

மொத்த அளவுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. நடுவர் மன்றம் 2007-ல் பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. என்றது, சுப்ரீம் கோர்ட் 2018-ல் அதை 177.25 ஆக்கியது. மாதவாரிப் பட்டியலும் உண்டு: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95... நல்ல வருடத்தில் இந்தப் பட்டியலே தேவையில்லை, ஆறு தானாகக் கொடுத்துவிடும். மழை குறைந்தால்? பங்குகளும் அதே விகிதத்தில் குறையும் என்று நடுவர் மன்றம் எழுதி வைத்தது. எந்தத் தேதி நிலவரத்தை வைத்து, எந்த அணைகளின் வரத்தை வைத்து, எத்தனை சதவீதம் என்பதற்கு இரண்டு பக்கமும் முன்கூட்டி ஒப்புக்கொண்ட அட்டவணை கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு பஞ்ச வருடமும் ஆகஸ்டில் உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். உத்தரவும் பதினைந்து பதினைந்து நாளாக வருகிறது.

குறுவை நெல் பதினைந்து நாள் பயிரா? விதைத்தால் நான்கு மாதம் நிற்க வேண்டும். தள்ளி விதைத்தாலும் கஷ்டம், அறுப்பு வடகிழக்கு மழையில் மாட்டிக்கொள்ளும். திருவாரூரில் விதை நெல்லுக்குக் கடன் வாங்குகிறவருக்கு ஜூன் மாதமே பதில் தெரிந்தாக வேண்டும். மாண்டியாவில் விஸ்வேஸ்வரய்யா கால்வாயை நம்பி நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறவருக்கும் இதே கதிதான். அவரை எதிரி என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

நம் பக்கமும் குறை உண்டு. இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும், வந்தாலும் சரி. 2023-ல் அணையில் 100 அடிக்கு மேல் இருக்கிறது என்று ஜூன் 12-ல் வழக்கம்போலத் திறந்தோம். இருப்பை மட்டும் வைத்து எத்தனை ஏக்கருக்கு உத்தரவாதம் தர முடியும் என்று கடைமடைக்காரரிடம் யார் தெளிவாகச் சொன்னார்கள்? அவர் மழையை நம்பி விதைத்தார். முதலில் காய்வது எப்போதும் அவர் வயல்தான்.

"மழையை ஜூனிலேயே எப்படிய்யா சொல்ல முடியும்?" என்று கேட்பீர்கள். மழையைச் சொல்ல வேண்டாம், விதியைச் சொன்னால் போதும். கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹாரங்கி, ஹேமாவதி நான்கிலும் ஜூன் 30 வரை வரத்து இவ்வளவு என்றால் விகிதம் இவ்வளவு. ஜூலை 15-ல் இவ்வளவு என்றால் இப்படி. அணைகள் நிறைந்திருக்கும் வருடத்திலேயே இதற்குக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். தண்ணீர் இல்லாதபோது எந்த முதலமைச்சரும் கையெழுத்துப் போடமாட்டார், போட்டால் அவர் கட்சியே அவரை விடாது.

இன்னொன்றும் வேண்டும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற மாதிரி, நம் கால்வாய்த் தலைப்பிலும் கடைமடையிலும் அளந்து அன்றன்றே ஊருக்குத் தெரிகிற மாதிரி போர்டில் எழுதிப் போட வேண்டும். லேபில் நாட்ச் வைத்து வாளியில் பிடித்து அளக்கிறோமே, அதே வேலைதான். நம்மில் சிவில் முடித்து நீர்வளத் துறை பக்கம் போகிறவர்கள் இதைச் செய்ய முடியும்.

நம் சங்கம் காவிரிக்காகத் தீர்மானம் போட்டால், "தமிழகத்தின் உரிமையை மீட்போம்" என்ற வரிக்குக் கீழே என் சார்பாக ஒரு வரி சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்: பற்றாக்குறைக் கால அட்டவணையை அடுத்த ஜூன் 1-க்குள் வெளியிடு.

- மூன்றாமாண்டு, சிவில்