தன்னிச்சையா, அனிச்சையா?

போன வாரம் ஒரு பத்திரிகையில் சிறுகதை படித்தேன். கதாநாயகி அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தொட்டுவிடுகிறாள். 'அவள் கை தன்னிச்சையாகப் பின்வாங்கியது' என்று எழுதியிருந்தது. கதை நல்ல கதைதான். எனக்கு அந்த வரிக்கு மேல் ஓடவில்லை.

தன் + இச்சை என்றால் தன் விருப்பம். சுட்ட கை விருப்பப்பட்டா பின்வாங்குகிறது? நம் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே அதற்குச் சொல் இருக்கிறது: அனிச்சைச் செயல். இச்சை இல்லாமல் நடப்பது. தண்டுவடமே கையை இழுத்துவிடும். சுட்டது என்ற சேதி மூளைக்கு உறைப்பது அப்புறம்தான். ஆக, இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இப்போது கதை, செய்தி, மொழிபெயர்ப்பு எதைத் திறந்தாலும் ஒன்றின் நாற்காலியில் மற்றது உட்கார்ந்திருக்கிறது.

'ஒரு சொல்லுக்கா இத்தனை கோபம்?' என்பீர்கள். சொல்கிறேன்.

1980களின் நடுவில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். அங்கே ஜீப் ஓட்டிய அண்ணன் ஒருவர், ஒரு மாலையில் குறுக்கே ஓடிவந்த பையனைக் காப்பாற்ற வண்டியை ஒடித்து மதகுச் சுவரில் மோதிவிட்டார். பையனுக்குக் கீறல்கூட இல்லை. வண்டியின் முன்பக்கம் நசுங்கிவிட்டது. விளக்கம் கேட்டு 17(அ) குறிப்பாணை வந்தது. "சார், உங்க தமிழ் நல்லா இருக்கும், நீங்களே எழுதிக் குடுங்க" என்று என்னிடம் வந்தார். "என்னண்ணே நடந்தது?" என்றேன். "என்னை அறியாம கை திரும்பிடுச்சு சார்" என்றார்.

நான் மெத்தப் படித்தவன் அல்லவா? அந்த நல்ல தமிழை அடித்துவிட்டு, 'தன்னிச்சையாக வாகனத்தைத் திருப்பினேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத் தமிழில் 'தன்னிச்சையாகச் செயல்பட்டார்' என்பது குற்றச்சாட்டு என்பது எனக்கு உறைக்கவில்லை. மேலதிகாரிக்கு உறைத்தது. தம் விருப்பப்படி திருப்பியதை ஊழியரே ஒப்புக்கொண்டுள்ளார் என்று ஆணை வந்தது. ஆறு மாதம் ஊதிய உயர்வு நிறுத்தம். நான் பிறகு ஓடி ஓடி விளக்கியும் பயனில்லை. அண்ணன் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுங்க சார், புள்ள பொழைச்சானே" என்றார். அது இன்னும் குத்துகிறது.

'மொழி மாறும், வழக்கே இலக்கணம்' என்று இளைய நண்பர் ஒருவர் வாதிடுகிறார். மாறட்டும். சட்டையைச் சொக்காய் என்றாலும் கட்டிக்கொள்பவனுக்கு நஷ்டமில்லை. ஆனால் வேண்டுமென்று செய்ததற்கும் வேண்டாமல் நடந்ததற்கும் ஒரே சொல் என்றால், நியாயம் கேட்பவன் எங்கே போவான்? நம் வழக்குகளில் பாதி அந்த வேறுபாட்டின் மேல்தானே நிற்கின்றன?

இன்னொரு சொல் 'உள்ளுணர்வாக'. என் மனைவி உப்பை அளக்காமல் போடுவாள், சரியாக இருக்கும். அதை 'உள்ளுணர்வாக' என்றார் ஒரு விருந்தாளி. நாற்பது வருட அடுப்படி உழைப்பை ஒரே சொல்லில் துடைத்துவிட்டார்! அது கைப்பழக்கம். முட்டையிலிருந்து வந்த ஆமைக்குஞ்சு கடலைப் பார்த்து ஓடுவது இயல்பூக்கம், யாரும் கற்றுத்தரவில்லை. பிள்ளை குரலைப் போனில் கேட்டதுமே காரணம் தெரியாமல் 'இவனுக்கு ஏதோ சரியில்லை' என்று தோன்றுகிறதே, அது உள்ளுணர்வு. நாலும் நாலு விதம்.

இந்தச் சொற்கள் நினைவுக்கு வரவில்லையா? பாதகமில்லை. 'என்னை அறியாமல்', 'பழக்கத்தில்', 'மனசில் பட்டது' என்று எழுதுங்கள். ஜீப் ஓட்டிய அண்ணனுக்குத் தெரிந்த தமிழ் அது. எனக்குத்தான் அன்று தெரியாமல் போயிற்று.