கொதிப்பது எப்போது?

மே மாதம் பிறந்துவிட்டால் டெல்லிக்காரர்களுக்கு சிம்லா ஞாபகம் வந்துவிடும். பர்வானூவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சாலையோரத்தில் அந்தக் காட்சியும் கண்ணில் படும். பானெட்டைத் திறந்து போட்டபடி நிற்கும் ஒரு கார். கையில் மினரல் வாட்டர் பாட்டிலுடன் குடும்பத் தலைவர். பின் சீட்டில் வியர்த்து வழியும் பாட்டியும் குழந்தைகளும். குபுகுபுவென்று ஆவி. கடந்து போகும் லாரி டிரைவர் வேகத்தைக் குறைத்து, இலவச ஆலோசனை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

கல்காவிலிருந்து சிம்லா ஏறத்தாழ 90 கி.மீ. அதற்குள் சாலை 1,400 மீட்டருக்குமேல் உயர்ந்துவிடுகிறது. ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த வண்டி, இரண்டாவது கியர், ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி., முன்னால் ஊர்ந்து செல்லும் லாரி என்று எஞ்சினுக்குச் சோதனைமேல் சோதனை. ஆனால் பழியை மலையின் மேல் போட முடியாது. அதே மாடல் கார், அதே பாரத்துடன் பக்கத்திலேயே ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. நிற்கும் காரில் கோளாறு டெல்லியிலிருந்தே இருந்திருக்கும். அங்கே யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

எப்படியோ வண்டி ஒரு பட்டறைக்கு வந்து சேர்கிறது. அங்கே நடக்கும் முதல் வைத்தியம் நாடு முழுவதும் ஒன்றுதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு சாப்?" என்பார் மெக்கானிக்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த சின்ன வால்வு. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருந்து, பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும் என்பது உண்மை. அப்போது புதியது போட வேண்டும். கழற்றிவிட்டு ஓட்டினால் எஞ்சின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் நிலைமை இன்னும் மோசம். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். ஜுரத்துக்குக் கொடுத்த மருந்து ஜுரத்தையே ஏற்றிவிடுகிறது.

விஷயம் தெரிந்த மெக்கானிக் ஸ்பானரைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்பார்: வண்டி எப்போது சூடாகிறது?

சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, சாலை காலியானதும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மீது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. அம்பாசடர் காலத்தில் அது பெல்ட்டில் சுழன்றது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 1983-இல் வந்த மாருதி 800-க்குப் பிறகு மின்சார ஃபேன் பழகிப்போனது. அதைச் சோதிக்கவும் செலவில்லாத வழி உண்டு. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட வேண்டும். ஒரே ஃபேன் உள்ள பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுழலும். ஏ.சி. போட்டால் சுழல்கிறது, எஞ்சின் சூடானால் சுழலவில்லை என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. சூட்டை உணரும் சுவிட்ச் அல்லது சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கடைசியாக மோட்டார். இந்தச் சோதனை தெரியாமல் முழு ஃபேனையும் மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

இதற்கு நேர்மாறாக, நகரத்தில் ஒழுங்காக ஓடி, நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் சூடேறினால் ஃபேனைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே நீரோட்டம் போதவில்லை. வருஷக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைத்திருக்கும். அல்லது வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கும். பழைய பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைப்புக்காரரிடம் கொடுத்தால் மேல்தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தித் தருவார். இன்றைய அலுமினிய ரேடியேட்டரில் அந்த வேலை நடக்காது, மாற்ற வேண்டியதுதான். அதற்குமுன் ஏ.சி.யின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. தூசியும் பூச்சியும் சேர்ந்து அங்கே மெத்தை போலப் படிந்திருக்கும்.

மலையேறும்போது மட்டும் கொதித்தால்? இந்த இரண்டும் காரணமாகலாம். ஆனால் எல்லாரும் மறந்துவிடும் பொருள் ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் மூடி.

அது வெறும் மூடி அல்ல. பிரஷர் குக்கரின் வெயிட் செய்கிற வேலையை அது செய்கிறது. மேலே 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பது அது தாங்கும் அழுத்தம். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 அழுத்தத்தில் 118 டிகிரி வரைகூடக் கொதிக்காது. மூடியின் ரப்பர் தடித்து வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மலையில் விஷயம் இன்னும் சிக்கல். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிம்லாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். எஞ்சினோ 90 டிகிரியில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. கெட்டுப்போன மூடியுடன் டெல்லியில் தப்பித்த கார் சோலன் பக்கம் மாட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் விரிந்து பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போன நீரை, எஞ்சின் ஆறியதும் திரும்ப உறிஞ்ச அதில் ஒரு குட்டி வால்வு இருக்கிறது. அது பழுதானால் பாட்டில் நிறைந்திருக்கும். ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கும். பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு 'தண்ணி ஃபுல்' என்று கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பல புதிய கார்களில் ரேடியேட்டரில் மூடியே இல்லை. பிளாஸ்டிக் தொட்டியின் மூடிதான் இந்த வேலையைச் செய்கிறது. எதுவாக இருந்தாலும், பொறித்திருக்கும் அதே எண்ணுள்ள மூடியைத்தான் வாங்க வேண்டும். எஞ்சின் வேலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றச் சொல்வதும் கம்பெனிக்காரர்களின் வியாபார தந்திரம் அல்ல. எத்திலீன் கிளைகால் சரிபாதி கலந்த நீர் கொதிக்க இன்னும் சில டிகிரி கூடுதல் சூடு வேண்டும். துருவும் பிடிக்காது, சிம்லாவின் ஜனவரியில் உறைந்து எஞ்சினைப் பிளக்கவும் செய்யாது. ஆனால் அது இனிப்பான விஷம். கீழே சிந்தினால் கழுவிவிட வேண்டும். நாய்கள் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

சூடேறிவிட்டது என்று தெரிந்தால் முதல் காரியம் ஏ.சி.யை நிறுத்துவது. ஒதுங்க இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட்டலாம். மே மாதத்தில் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டாலோ ஆவி வந்துவிட்டாலோ ஒதுங்கி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இன்றைய பல சிறிய கார்களில் முள்ளே இல்லை, விளக்கு மட்டும்தான் என்பதால் எச்சரிக்கையே தாமதமாகத்தான் வருகிறது.

அதன்பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பது. மூடியை உடனே திறப்பவர் முகத்திலும் மார்பிலும் கொதிநீர் பீய்ச்சியடிக்கும். குக்கரைப் போல இதற்கு விசில் கிடையாது. குறைந்தது அரை மணி நேரமாவது ஆற வேண்டும். மேல் குழாயைத் தொட முடிகிற அளவுக்குச் சூடு தணிந்தபிறகு, தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருக வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்' என்று ஓட்டுகிறவர்களுக்காகவே பட்டறைகள் பிழைக்கின்றன. இப்போதைய எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். சூட்டில் வளையும். பல சிறிய எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு வெறும் 0.05 மி.மீ.; தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. வளைந்தால் கேஸ்கட் போகும், சிலிண்டர் வாயு தண்ணீரில் கலக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருப்பது, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறுவது, புகைபோக்கியில் ஓயாத வெண்புகை - இவை தெரிந்தால் கார் லாரியில் ஏறிப் போவதே மேல். சில நூறு ரூபாய் மூடியோடு முடிந்திருக்க வேண்டியது, ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுக்கும் வேலையாகப் பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

தப்பித்து சிம்லா போய்ச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி. வழியில் ஊற்றிய தண்ணீரோடு காற்றும் உள்ளே புகுந்திருக்கும். மறுநாள் காலை, எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது காரின் மூக்கு மேடு பார்க்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து நிரப்பி, ஹீட்டரைப் போட்டு, குமிழி நிற்கும்வரை ஓடவிட வேண்டும். சிம்லாவில் மேடான இடத்துக்குப் பஞ்சமில்லை.