ஐந்தே மாதத்தில் வேலையை விட்டேன்... இனி யார் எடுப்பார்கள்?

இந்த வாரக் கடிதம் ஒரு புது நர்ஸிடமிருந்து. ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியதில் முக்கியமான வரிகளை மட்டும் தருகிறேன்.

“பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு, கவுன்சில்ல பதிவு பண்ணி, சென்னையில ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில சேர்ந்தேன். எடுத்த எடுப்புலயே ஐ.சி.யூ. மூணாவது வாரமே தனியா நைட் டியூட்டி. ஒரு ராத்திரி எனக்கு மூணு பேஷன்ட், அதுல ரெண்டு பேர் வென்டிலேட்டர்ல. ஒருத்தருக்கு பி.பி. மருந்து போற சிரிஞ்ச் பம்ப் தீர்ந்துபோனதை நான் கவனிக்கலை. பக்கத்து பெட் அக்காதான் ஓடிவந்து மாத்தினாங்க. பேஷன்ட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா காலையில எல்லார் முன்னாடியும் வாங்கின திட்டுல, அப்புறம் ஊசி எடுத்தாலே கை நடுங்க ஆரம்பிச்சுது. அஞ்சாவது மாசம் லீவுல ஊருக்கு வந்தவ திரும்பிப் போகலை. ஒரிஜினல் சர்டிஃபிகேட் அவங்ககிட்ட இருக்கு. பாண்டு பணம் 50,000 கட்டினா தர்றோம்னு சொல்றாங்க. அப்பா தறி நெய்யறவர். படிப்புக்கு வாங்கின லோன் அப்படியே நிக்குது. இப்ப மூணு இடத்துல இன்டர்வியூ போயிட்டேன். ‘ஏன் அஞ்சு மாசத்துல விட்டீங்க?’ன்னு கேட்டதும் எனக்கு அழுகை வந்துடுது. நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையா அக்கா?”

தங்கையே, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு ராத்திரியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் இங்கே வகுத்து வைத்திருக்கும் கணக்கு. மூன்று வாரம் ஆன பிள்ளையிடம் மூன்று பேரைக் கொடுத்தது யார்? பம்ப் தீர்ந்தது உங்கள் கவனக்குறைவு, சரி. ஆனால், புது ஆள் பக்கத்தில் பழைய ஆளை நிறுத்தாதது உங்கள் கவனக்குறைவு இல்லை.

கல்லூரியில் படித்த நர்சிங்கும் வார்டில் நடக்கும் நர்சிங்கும் வேறு வேறாக இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் நிலைகுலைந்து போவதைப் பற்றி, மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியை 1974-லேயே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ‘ரியாலிட்டி ஷாக்’ என்பது அதன் பெயர். நர்ஸ்கள் ஏன் நர்சிங்கை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அதில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நம் மருத்துவமனைகளில் பல, ஐ.டி. கார்டு கொடுப்பதையும் பஞ்சிங் மெஷினைக் காட்டுவதையும்தான் ஓரியன்டேஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன.

ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஐந்து மாதத்தில் வேலையை விட்டது பெரிய குற்றமில்லை. எழுதிக் கொடுக்காமல் நின்றுவிட்டதுதான் இப்போது உங்கள் காலைச் சுற்றுகிறது. அவர்கள் ரெக்கார்டில் நீங்கள் ராஜினாமா செய்தவர் இல்லை, சொல்லாமல் போனவர். முதலில் அதை மாற்ற வேண்டும்.

இன்றைக்கே ஒரு ராஜினாமா கடிதம் எழுதுங்கள். சேர்ந்த தேதி, கடைசியாக டியூட்டி பார்த்த தேதி, உடல்நலம் சரியில்லாததால் தொடர முடியவில்லை என்ற காரணம், ஒரிஜினல்களையும் ரிலீவிங் லெட்டரையும் தரக் கேட்டு ஒரு வரி. இவ்வளவு போதும். திட்டியவர் பெயர், நடந்த சண்டை எதுவும் அதில் வேண்டாம். ஹெச்.ஆர்.-க்கு மெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து பாண்டு. “பாண்டு எல்லாம் செல்லாது, விடுங்க” என்று சொல்பவர்கள் உண்டு. முழுக்க நம்பாதீர்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன்பே வேலையை விட்டவர் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்காக, உங்களிடம் கேட்கிற 50,000 அப்படியே நியாயம் என்றும் ஆகிவிடாது. ஒப்பந்தச் சட்டப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள், அதற்கு என்ன செலவானது என்ற கேள்வி அங்கே வரும். மூன்று வாரத்தில் தனியாக நைட் டியூட்டி போட்டவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும்.

சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைப்பது வேறு சங்கதி. கடனுக்குப் பிடித்து வைக்க அது ஒன்றும் நகை இல்லை. கல்விச் சான்றிதழ் சந்தைச் சரக்கு அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே பாண்டு பணம் பற்றிப் பேசுவது தனி, ஒரிஜினலைத் திரும்பக் கேட்பது தனி. இரண்டையும் அவர்கள் முடிச்சுப் போட்டால் நீங்கள் அவிழ்த்தே பேசுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டு சட்டமே அதைச் சொல்கிறது. உங்கள் மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அப்பாவோடு போய் ஒரு மனு கொடுங்கள். பல நேரங்களில் அங்கிருந்து ஒரு கடிதம் போனாலே இந்தப் பக்கம் குரல் இறங்கிவிடும்.

இனி இன்டர்வியூ.

ஐந்து மாதத்தை மறைத்துவிடலாமா என்று யோசித்திருப்பீர்கள். வேண்டாம். சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யு.ஏ.என். எண்ணில் சேர்ந்த தேதி இருக்கும். புது இடத்தில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் ஐந்து மாதம் பெரிய விஷயமாகாது, பொய்தான் பெரிய விஷயமாகும்.

அந்தக் கேள்விக்கு மூன்று வாக்கியத்தில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி: “ஃபிரெஷரா ஐ.சி.யூ.வில் சேர்ந்தேன், அடிப்படை வார்டு அனுபவம் இல்லாமல் அது எனக்குச் சீக்கிரமாகிவிட்டது. அங்கே வென்டிலேட்டர் பேஷன்ட் கேர், சக்‌ஷன், ஏ.பி.ஜி. சாம்பிள் எல்லாம் கற்றுக்கொண்டேன். இப்போது ஜெனரல் வார்டில் ஆரம்பித்து ஒழுங்காக மேலே வர விரும்புகிறேன்.” நிறுத்திவிடுங்கள். பழைய மருத்துவமனையைப் பற்றி ஒரு குறைகூட வரக் கூடாது. நேர்காணலில் உட்காரும் மெட்ரன், நாளைக்கு நம்மையும் இப்படித்தான் சொல்வாள் என்றுதான் நினைப்பார். “தவறு ஏதாவது நடந்ததா?” என்று நேராகக் கேட்டால் மறைக்காதீர்கள். பம்ப் விஷயத்தைச் சொல்லி, இப்போது பம்ப்பில் எவ்வளவு மிச்சம் என்பதை எத்தனை மணிக்கு ஒருமுறை பார்ப்பேன், தீர்வதற்கு முன்பே அடுத்த சிரிஞ்சை எப்படித் தயாராக வைப்பேன் என்று சொல்லுங்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: இதைத் தெளிவாகச் சொல்கிற பெண்ணை விட எனக்கு மனசு வராது.

கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பத்து முறை சொன்னால் பதினோராவது முறை அழுகை வராது.

நடுவில் பாடத்தையும் விட்டுவிடாதீர்கள். மூன்று இன்டர்வியூவில் அழுததோடு, கேட்டதற்கும் பதில் வராமல் போயிருந்தால் அவர்கள் முடிவு வேறு எப்படி இருக்கும்? 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட் 20 சொட்டுக்கு ஒரு மி.லி. என்றால் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? 42 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். சி.பி.ஆர்.-ல் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிஷத்துக்கு 100 முதல் 120. சர்க்கரை இறங்கிய நோயாளிக்கு முதலில் என்ன செய்வீர்கள். ரத்தம் ஏற்றும்போது குளிர் நடுக்கம் வந்தால் எதை முதலில் நிறுத்துவீர்கள். புதியவர்களிடம் சுற்றிச் சுற்றி இவைதான்.

எங்கே தேடுவது? பெரிய போர்டு வைத்த மருத்துவமனையை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே 50 முதல் 100 படுக்கை உள்ள மருத்துவமனைகள், பழைய மிஷன் மருத்துவமனைகள், டயாலிசிஸ் சென்டர்கள் இருக்கும். ஜெனரல் மெடிசின் அல்லது சர்ஜரி வார்டு கேளுங்கள். ஒரு வருஷம் அங்கே நின்றால் கை தானாகப் பழகும், நடுக்கமும் போகும். ஒருவேளை அப்போதும் போகவில்லை, தூக்கம் வரவில்லை, அந்த ராத்திரியே கண்முன் வருகிறது என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு முறை காட்டுங்கள். நோயாளிகளுக்கு இதைச் சொல்கிற நாம் நமக்குச் சொல்லிக்கொள்வதே இல்லை.

வேலை தருகிறோம் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். நீங்களும் கேளுங்கள்: எத்தனை வாரம் சீனியரோடு டியூட்டி? நைட்டில் ஒருவருக்கு எத்தனை பேஷன்ட்? ராத்திரி சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? ஒரிஜினல் கேட்பீர்களா, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் அந்த இடத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் 2018-ல் அதைக் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையாகவே கொண்டுவந்தார்கள், அதுவும் நர்ஸ்கள் போராடிய பிறகு. இங்கே இன்னும் பல ஊர்களில் அது காகிதம்தான். லோன் கொடுத்த வங்கிக்கு நேரில் போய், வேலை மாறும் நிலையில் இருக்கிறேன், தவணையைக் கொஞ்சம் தள்ளித் தர முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் தேடி வருவதற்கு முன்னால் நாம் போவது நல்லது.

அரசு வேலைக்கு இந்த ஐந்து மாதம் தடையே இல்லை. எம்.ஆர்.பி. தேர்வுக்கும், பி.எஸ்சி. படித்தவர்களுக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கும் முன் அனுபவம் தேவையில்லை. நார்செட்டில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் குறையும், பார்த்து எழுதுங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமாக ஒப்பந்த நர்ஸ் வேலைகள் அவ்வப்போது வரும். மாவட்ட இணையதளத்தில் ஆட்சேர்ப்பு பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். அறிவிப்பு வந்து சில நாளில் கடைசித் தேதி முடிந்துவிடும்.

வெளிநாடு? இப்போது அந்தப் பேச்சு வேண்டாம். வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். அதற்கு “சர்டிஃபிகேட் நாங்க ரெடி பண்ணித் தர்றோம்” என்று சொல்லும் ஏஜென்ட் உங்கள் செல்லுக்கும் வருவான். அங்கே ஒவ்வொரு சான்றிதழையும் கொடுத்த இடத்திலேயே விசாரித்துச் சரிபார்ப்பார்கள். போலி என்று தெரிந்தால் அந்தக் கதவே மூடிவிடும். அனுபவம் சேர்ந்த பிறகு, சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே பதிவு செய்துகொள்ளலாம்.

கடிதத்தின் ஓரத்தில், “அம்மா கல்யாணம் பண்ணிடலாம்கறாங்க” என்று சின்னதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் ஆறு மாதம் கேட்டு வாங்குங்கள். லோன் கணக்கையும் அப்பாவின் வருமானத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினால் அம்மாவுக்குப் புரியும்.

அடுத்த திங்கட்கிழமை, சுயவிவரம், கவுன்சில் பதிவுச் சான்று, மார்க் ஷீட் நகல், அந்த மருத்துவமனை கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஓ.பி. கூட்டம் குறைந்த பிறகு, மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் போங்கள். ரிசப்ஷனில் பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். போய்வந்து என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.